கிடாருக்கு எந்த ஊர்?

நம் வீடுகளில் வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் என்று இருந்த வரிசையில் எலெக்ட்ரிக் கிடாரும் வந்து சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. பத்தாவது பரீட்சை முடிந்ததும் பையனோ பெண்ணோ மெதுவாகப் பேச்சை எடுக்கிறார்கள். அப்பாவும் ஒரு சனிக்கிழமை தோபி தலாவ் பக்கம் கடைக்குப் போய் விலை விசாரிக்கிறார். அங்கேதான் தலை சுற்றுகிறது. ஒரே உருவம், ஒரே நிறம், அதே ஆறு தந்திகள். ஆனால் ஒரு கிடாரின் விலை ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்குகிறது. இன்னொன்று ஸ்கூட்டர் விலை. மூன்றாவது நல்ல மோட்டார் சைக்கிள் விலையையே தொடுகிறது. ஏன் என்று கேட்டால், கடைக்காரர் கிடாரின் தலைப்பகுதியைத் திருப்பிக் காட்டுவார். முதலாவதில் இந்தோனேசியா, இரண்டாவதில் மெக்சிகோ, மூன்றாவதில் யு.எஸ்.ஏ. என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

மும்பையில் நாலு வருஷம் இருந்தவர்களுக்கு 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றதும் சிரிப்பு வரும். அது உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்ற பழைய கேலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிடார் விஷயத்தில் அந்த மூன்றெழுத்து வீட்டு பட்ஜெட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழ வைக்கிறது. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கிடார் நன்றாக வாசிக்குமா என்பது ஒன்று. நாளைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது இன்னொன்று. ஊர்ப் பெயர் இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும். முதலாவதற்கு அரைகுறையாகத்தான் சொல்லும். கடையில் இரண்டையும் ஒரே பதிலாக்கி நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பலகையும் நாலு திருகாணியும்

அதிகம் நகலெடுக்கப்பட்ட கிடார் ஃபெண்டர் கம்பெனியுடையது. அதன் கதையைச் சொன்னாலே பாதி விஷயம் விளங்கிவிடும். லியோ ஃபெண்டர் ஓர் இசைக் கலைஞர் அல்ல. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். 1946-இல் கம்பெனி தொடங்கினார். 1950-இல், பிற்பாடு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிடாரும், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வந்தன. ரேடியோ ரிப்பேர்க்காரரின் புத்தி அதில் அப்படியே தெரியும். உடம்பு என்பது வெட்டி எடுத்த ஒரு பலகை. கழுத்து தனியாகச் செய்து நாலு திருகாணியால் முடுக்கப்பட்டது. பழுதானால் கழற்றி வேறு மாட்டலாம். வயலின் செய்பவரின் தலைமுறைக் கைப்பழக்கம் இதற்குத் தேவையில்லை. ரம்பமும் துளைக்கருவியும் ஒழுங்கான அளவுகளும் இருந்தால் போதும்.

இப்படிப் பிரித்து மாட்டும்படி அமைத்ததால்தான் உலகத்தில் எந்த ஊரிலும் இதைச் செய்ய முடிந்தது. அமெரிக்காவின் தனிச் சொத்தாக இது இருக்க முடியாது என்பது முதல் நாளிலேயே தீர்மானமாகிவிட்டது என்று சொல்லலாம்.

1965-இல் லியோ கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 1970-களில் வந்த சரக்கு பற்றி வாசிப்பவர்கள் நிறையக் குறை சொன்னார்கள்: கனமான பலகை, தடித்த பூச்சு, கழுத்துப் பொருத்தில் இடைவெளி. அத்தனையும் சுத்தமான அமெரிக்கத் தயாரிப்பு! 1985-இல் கம்பெனி ஊழியர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து அதை 1 கோடியே 25 லட்சத்துக்குத் திரும்ப வாங்கினார்கள். இருபது வருஷம் கழித்து, விற்றதைவிடக் குறைந்த விலைக்கு! அதிலும் ஃபுல்லர்டன் ஆலை சேரவில்லை. கொரோனா என்ற ஊரில் புது ஆலை எழும்பும் வரை ஃபெண்டர் என்ற பெயரைத் தாங்கிப் பிடித்தது ஜப்பான்.

ஜப்பான் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது. 1970-களில் ஐபனெஸ், கிரேக்கோ, டோக்காய் முதலிய பெயர்களில் அமெரிக்கக் கிடார்களை அச்சாக நகலெடுத்து விற்றார்கள். 1977-இல், ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனி மீது கிப்சனின் தாய் நிறுவனம் வழக்கே போட்டது. கிடாரின் தலை வடிவத்தைத் திருடிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டர் வேறு வழியில் போனது. எதிர்த்து நிற்பதைவிடக் கூட்டுச் சேர்வதே மேல் என்று 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டது. மாட்சுமோட்டோ நகரத்தில் ஃபூஜிஜென் என்ற ஆலை அந்தக் கிடார்களைச் செய்து கொடுத்தது. மலிவு வரிசைக்கு ஸ்குவையர் என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் வருஷங்களில் ஜே.வி. என்ற எழுத்தோடு வந்த ஸ்குவையர்களை இன்று ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். மலிவாகப் பிறந்த அந்தக் கிடார் இன்று புது மெக்சிகோ ஃபெண்டரைவிட அதிக விலைக்குப் போவது சாதாரணம்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஜப்பான் சாமான் என்றால் இரண்டு நாளில் உடையும் தகரப் பொம்மை என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பின்னால் அதே 'மேட் இன் ஜப்பான்' எழுத்துக்காக நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரைத் துணி போர்த்திப் பாதுகாத்தோம். எழுத்து மாறவே இல்லை.

கூலியைத் தேடி

ஜப்பானிலிருந்து வேலை நகர்ந்தது தரம் குறைந்ததால் அல்ல. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாட்டு நிதி மந்திரிகள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். மூன்றாண்டுக்குள் ஜப்பானிய யென் டாலருக்கு எதிராக ஏறக்குறைய இரட்டிப்பானது. மலிவுக் கிடாரை ஜப்பானில் செய்து கட்டுப்படியாகவில்லை. தென் கொரியாவுக்குப் போனார்கள். 1987-க்குப் பிறகு அங்கே ஜனநாயகம் வந்தது, தொழிலாளர் சங்கங்கள் வலுத்தன, கூலி உயர்ந்தது. உடனே இந்தோனேசியா, சீனா. ஃபெண்டர் தன் பங்குக்கு 1987-இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனாடாவில் ஆலை போட்டது. கலிஃபோர்னியா ஆலையிலிருந்து காரில் சில மணி நேரப் பயணம்தான்.

இந்த ஊர்வலத்தில் வழியில் நின்றுபோனவர்களும் உண்டு. கோர்ட் என்ற கொரியக் கம்பெனி பல பிரபல பெயர்களுக்குக் கிடார் செய்து கொடுப்பது. 2007-இல் அது தன் கொரிய ஆலைகளை மூடி, வேலையை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் மாற்றியது. வேலை போன தொழிலாளர்கள் ஆலை வாசலிலும் தெருவிலும் போராடினார்கள். 2019-இல்தான் உடன்பாடு வந்தது. பன்னிரண்டு வருஷம்! கொரியக் கிடார் என்றால் மட்டம் என்று ஒரு காலத்தில் உதடு பிதுக்கியவர்கள், இன்று பழைய சரக்கு வாங்கும்போது இந்தோனேசியாவைவிடக் கொரியா மேல் என்று ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் ரூபாயில் ஒரு பைசா அந்தத் தொழிலாளிக்குப் போகப்போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. 'அமெரிக்கக் கை' என்று நாம் மரியாதை கொடுக்கிறோமே, அந்தக் கை யாருடையது? 1950-களில் ஃபெண்டரில் கழுத்துகளை வடித்த டாடியோ கோமஸ் தன் முன்னெழுத்துகளைப் பென்சிலால் குறித்து வைப்பார். இன்று அந்தப் பென்சில் குறி இருந்தால் கிடாரின் மதிப்பே தனி. அபிகெயில் இபாரா என்ற பெண்மணி 1956-இலிருந்து 2013 வரை அங்கே பிக்கப்புக்குக் கம்பி சுற்றினார். அவர் சுற்றியது என்றால் வாங்க வரிசை நிற்கும். கலிஃபோர்னியாவில் குடியேறி வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் கை அது. எல்லைக்கு இந்தப் பக்கம் சுற்றினால் ஒரு விலை, அந்தப் பக்கம் சுற்றினால் பாதி விலை. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது புரியாத கணக்கா என்ன?

அப்படியானால் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

மரத்தை வெட்டுவது, குடைவது எல்லாம் இப்போது கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் எந்திரங்கள். கலிஃபோர்னியாவிலும் சுரபாயாவிலும் வெட்டு ஒரே மாதிரிதான் விழும். வேறுபாடு முதலில் மரத்தில் வருகிறது. ஈரம் நன்றாக ஆறிய மரமா, அவசரமாகக் காய வைத்ததா; உடம்பு இரண்டு மூன்று துண்டா, பல துண்டுகளை ஒட்டி மேலே சாயம் பூசியதா. அடுத்தது உலோகச் சாமான்: தந்தியை முறுக்கும் ட்யூனிங் கீ, பிரிட்ஜ், காந்தம், ஒலி கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர், உள்ளே ஒயர். கம்பெனி எந்த விலைக்கு விற்கத் தீர்மானித்ததோ அந்த விலைக்கு ஏற்ற சாமானைத்தான் போடும். கடைசியில் கைவேலை. ஃப்ரெட்டுகளைச் சமமாகத் தேய்ப்பது, அவற்றின் முனைகளை உருட்டி வழவழப்பாக்குவது, தந்தி உட்காரும் நட்டில் பள்ளம் அறுப்பது. எந்திரம் முடித்த பிறகு ஒரு மனிதர் எவ்வளவு நேரம் அந்தக் கிடாரை மடியில் வைத்துப் பார்த்தார் என்பதுதான் விலையின் பெரும்பகுதி. கூலி அதிகமான நாட்டில் மலிவுக் கிடார் செய்யவே முடியாது. ஆகவே அங்கே செய்வது விலை உயர்ந்ததாகவே இருக்கும், சாமானும் அதற்குத் தக்கபடி போடுவார்கள். ஊர்ப் பெயர் சொல்வது இந்தத் தீர்மானத்தைத்தான். அந்த ஊர்க்காரரின் திறமையை அல்ல.

சாட்சி வேண்டுமா? ஐபனெஸ் கம்பெனி இந்தோனேசியாவிலேயே சாதாரண வரிசையும் செய்கிறது, 'பிரீமியம்' என்று உயர்ந்த வரிசையும் செய்கிறது. ஒரே நாடு. விலையில் மடங்குக் கணக்கில் வித்தியாசம், வேலைப்பாட்டிலும் அப்படியே.

வீட்டில் வீணை இருப்பவர்களுக்கு இன்னொன்று சுலபமாக விளங்கும். எவ்வளவு நல்ல தஞ்சாவூர் வீணையாக இருந்தாலும் மெழுகு தளர்ந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு மேளம் புதிதாகக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்வரம் நிற்காது. கிடாருக்கும் அதே கதி. தந்தியின் உயரம், கழுத்தின் வளைவு, சுருதி சுத்தம் இவற்றைச் சரிசெய்வதை செட்-அப் என்கிறார்கள். கடையிலிருந்து அப்படியே எடுத்து வந்த அமெரிக்கக் கிடாரைவிட, நல்ல கையால் செட்-அப் செய்த இந்தோனேசியக் கிடார் பழகுகிற பிள்ளைக்கு எவ்வளவோ மேல். விரல் வலித்து ஆறு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போன கிடார்களில் பாதி, தந்தி உயரத்தால் போனவை என்பது என் அபிப்பிராயம்.

விற்பனை மதிப்பு வேறு சமாசாரம். அங்கே ஊர்ப் பெயர் ராஜா. அமெரிக்க ஸ்ட்ராட் ஒன்றின் விலையில் மெக்சிகோ ஸ்ட்ராட் ஏறக்குறைய இரண்டு வரும். ஆனால் காதால் கேட்டு இரண்டு மடங்கு என்று சொல்ல யாராலும் முடியாது. வயது கூடினால் இன்னும் விசித்திரம். கிப்சன் கம்பெனி மிச்சிகனின் காலமஸூ நகரில் 1958-லிருந்து 1960 வரை செய்த லெஸ் பால் கிடார்கள் அன்று சரியாக விலைபோகவில்லை என்று வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். இன்று அவை லட்சக்கணக்கான டாலர். எல்லோரும் திட்டிய 1970-களின் ஃபெண்டர்கூடப் பழசு என்ற ஒரே காரணத்தால் விலை ஏறிவிட்டது.

இந்த மதிப்பு இருப்பதால்தான் போலியும் இருக்கிறது. செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா வங்கி உத்தியோகஸ்தர். பழைய சாமான் விளம்பரத்தில் 'அமெரிக்கத் தயாரிப்பு, வெளிநாடு போவதால் அவசர விற்பனை, 70,000' என்று பார்த்து, பாதி விலைக்கும் குறைவு என்று ஒரு டெபாசிட்டை உடைத்து வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து கரகரவென்று சத்தம் வருகிறது என்று பாந்த்ராவில் ஒரு கோவாக்கார மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் முன்தகட்டைக் கழற்றினார். உள்ளே விரல் நகம் அளவு பொட்டென்ஷியோமீட்டர்கள். கழுத்துக் குழியில் கோணல்மாணலாகக் குடைந்த மரம். தலையில் இருந்த எழுத்தை நகத்தால் சுரண்டினார்; ஓரம் உரிந்து வந்தது. "சார், கிடார் மோசமில்லை. பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியிருந்தால் நானே கை கொடுத்திருப்பேன்" என்றார். அப்பா முகத்தைப் பார்க்கப் பையனுக்குப் பயம். "அப்பா, எனக்கு இதே போதும்ப்பா" என்றானாம். அவன் அதில்தான் இன்றும் வாசிக்கிறான். நன்றாகவே வாசிக்கிறான். அப்பாவுக்குத்தான் அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் டெபாசிட் ஞாபகம் வருகிறது.

நம் நாட்டுப் பங்கு

இந்தியாவுக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா என்று கேட்கலாம். வெளிநாட்டுச் சாமான் சுலபத்தில் வர முடியாத காலத்தில் நம் கல்லூரி மேடைகளைக் காப்பாற்றியது கல்கத்தாதான். கிவ்சன், ஹாப்னர் என்று, கிப்சனையும் ஜெர்மன் ஹாஃப்னரையும் நினைவூட்டும் பெயர்களில் அங்கே கிடார் செய்தார்கள். இன்றும் கிவ்சன் கிடைக்கிறது. 1980-களின் இறுதியில் ஃபெண்டரே தன் மலிவு வரிசையில் சில கிடார்களை இந்தியாவில் செய்வித்தது. ஸ்குவையர் டூ என்றும் சன் மஸ்டாங் என்றும் அவற்றுக்குப் பெயர். சில வருஷங்களோடு முயற்சி நின்றுவிட்டது. இப்போது சென்னைக்கு அருகே யமஹா ஆலை 2019-இல் வந்திருக்கிறது. கீபோர்டும் அக்கூஸ்டிக் கிடாரும் அங்கே செய்கிறார்கள்.

ஆனால் நம் மண்ணிலிருந்து போன மிகப் பெரிய பங்கு மரம். கிடாரின் கழுத்தில் விரல் ஓடும் கரும்பழுப்புப் பலகை இருக்கிறதே, அது ரோஸ்வுட். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். முதலில் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தினார்கள். 1960-களின் பிற்பகுதியில் அது கிடைப்பது அரிதானதும் உலகக் கிடார் கம்பெனிகள் நம் ஈட்டி மரத்துக்கு மாறின. ஆக, அமெரிக்கக் கிடார் என்று லட்சம் லட்சமாய்க் கொடுத்து வாங்கும் பொருளில், பிள்ளையின் விரல் தொடும் இடம் பெரும்பாலும் கூடலூர்ப் பக்கத்து மரம் போன்ற ஒன்றாகவே இருக்கும்.

மரம் குறையவே கட்டுப்பாடுகளும் வந்தன. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு எல்லை தாண்டும்போதும் காகிதம் வேண்டும் என்றாயிற்று. உடனே ஃபெண்டர் மெக்சிகோ கிடார்களில் ரோஸ்வுட்டை விட்டு, பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்தைப் போட்டது. அமெரிக்க வரிசையில் ரோஸ்வுட் தொடர்ந்தது. மரம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே இல்லை. எல்லை தாண்ட வேண்டிய கிடாரா, இல்லையா என்பதுதான் கணக்கு. 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதல் கிடாருக்கு ஊர் பார்க்க வேண்டாம். கழுத்தின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. டில்லி, நாக்பூர்க் குளிரில் மரம் சுருங்கி முனை வெளியே வரும். அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம், பயப்பட வேண்டியதில்லை. மும்பை மழைக்காலத்தில் தந்தி துருப்பிடிப்பதுதான் தொல்லை. வாசித்ததும் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு செட்-அப்பும் ஒரு நல்ல வாத்தியாரும் அமையும்.

பழசு வாங்கினால் எண்ணைக் கவனியுங்கள். மெக்சிகோ ஃபெண்டர்களில் 1990-களுக்கு எம்.என்., அடுத்த பத்தாண்டுக்கு எம்.இசட்., 2010-லிருந்து எம்.எக்ஸ். என்ற எழுத்துகள் முன்னால் வரும். ஐ.சி.எஸ். என்றால் இந்தோனேசிய ஸ்குவையர். எண்ணையும் போலியாக அச்சிடலாம் என்பதால், பெரிய தொகை என்றால் கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். உண்மையான பொருளை விற்பவர் மறுக்க மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கிடார் கொண்டு வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிடாருக்கு மின்சாரப் பிளக் கிடையாது, எந்த ஊரிலும் பாடும். ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக் கொண்டுவருவதாகச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் முதல் நாளே புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வாங்க வேண்டி வரும்.